இன்டர்ரெயில் பயணச்சீட்டு

இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் வசிப்போர் ஒரே பயணச்சீட்டைக் கொண்டு பல நாடுகளில் தொடர்வண்டிப் பயணம் செய்ய உதவும் திட்டமாகும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு யூரெயில் என்னும் இதுபோன்ற சீட்டு 1959 முதல் உள்ளது.

பன்னாட்டுத் தொடர்வண்டி ஒன்றியத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1972இல் இன்டர்ரெயில் தற்காலிகச் சலுகையாக அறிமுகமானது. 21 வயது வரையிலான இளைஞர்கள் இதன்மூலம் 21 நாடுகளில் ஒரு மாதம் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்ய முடிந்தது. சொந்த நாட்டில் மட்டும் பாதிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. வரவேற்பு மிகுந்ததால் திட்டம் நிலைபெற்றது. இரவு வண்டியிலேயே உறங்கி, விடுதிச் செலவை மிச்சப்படுத்தி, காலையில் அடுத்த நகரில் இறங்குவது மாணவர்களின் வழக்கமாயிற்று. 1998இல் வயது வரம்பு நீக்கப்பட்டது.

நினைத்த நேரத்தில் ஏறிச் செல்லும் வசதியே இச்சீட்டின் சிறப்பு. அதிவேக வண்டிகளின் வருகை அதனை ஓரளவு குறைத்தது. பிரான்சு, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளில் சீட்டு வைத்திருப்போரும் தனிக் கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் பெரும்பாலான வண்டிகளில் அது கட்டாயமில்லை.

நாள்தோறும் ஊர் மாறுவோருக்குத் தொடர்ச்சியான நாள்களுக்குரிய சீட்டு ஏற்றது. ஒவ்வொரு நகரிலும் சில நாள் தங்குவோருக்கு, ஒரு மாதத்துக்குள் விரும்பிய 4 நாள்களில் பயணம் செய்யும் வகை போதுமானது. இரண்டொரு பயணங்களே எனில், முன்கூட்டியே வாங்கும் தனிச்சீட்டுகள் மலிவாக இருக்கக்கூடும். சீட்டின் விலையோடு முன்பதிவுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே எது இலாபம் என்பது தெரியவரும்.