கல்லக்குடியில் ஒரு பவளத் திட்டு

எங்க கீரனூர்ல பவளப் புதைபடிவம் தேடாதீங்க. இது கருங்கல் பூமி. பூமிக்கடியில வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறைல கடலுயிர் தங்காது. திருச்சியைத் தாண்டி கல்லக்குடிக்குப் போகணும். ஆமா, 1953-ல பெயருக்காகப் போராட்டம் நடந்த அதே ஊர். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே ஆழமில்லாத கடல்.

பவளம்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கல்லை ஈரமாக்கி, லென்ஸ்ல பாருங்க. சின்னச் சின்னக் கிண்ணம், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். அதை எண்ணுங்க: 6, 12, 24 என்று வந்தால் இன்றைக்கும் கடலில் வாழும் பவள இனம். நான்கு நான்காக வளர்ந்த பழைய இனம் 25 கோடி வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சுபோச்சு. தேய்ந்த கல் ஏமாத்தும், அதனால ஒரு கிண்ணத்தோட நிறுத்தாதீங்க. தடுப்பே இல்லாம வெறும் துளைகள்னா அது வேற உயிர்.

இந்த எண்ணும் வேலையை லென்ஸோட செஞ்சவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. கல்கத்தாவில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில். தென்னிந்தியப் பவளங்கள் பற்றிய அவர் நூல் 1873-ல வந்தது. அடுத்த வருஷமே லடாக் பக்கம் இறந்துபோனார், 36 வயசு.

சிக்கல் என்னன்னா, அந்தச் சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட்டுக்கு மூலப்பொருள். குவாரி தோண்டினதாலதான் திட்டோட குறுக்குவெட்டு நல்லாத் தெரிஞ்சுது. அதே குவாரி அதைத் தின்னுட்டும் இருக்கு. வேலையை நிறுத்தச் சொல்லலை. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி, எந்த அடுக்குல எந்தப் பவளம்னு அளந்து படமெடுத்து வைக்கணும். அதுக்கு ஒரு ஃபோனும் ஒரு டேப்பும் போதும்.