மோட்டார் சைக்கிள் விபத்துக் காயங்களும் அனைத்துலக நோய் வகைப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தவரிடம் மருத்துவர் காண்பது மண்டையோட்டு முறிவு. இறப்புப் புள்ளிவிவரம் கேட்பது அம்முறிவு நேர்ந்த விதம். 1893இல் சிகாகோவில் ஏற்கப்பட்ட பெர்த்திலோன் பட்டியலின் வழிவந்த அனைத்துலக நோய் வகைப்பாடு, உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வெளிவந்த ஆறாம் திருத்தத்தில் (1948) இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறியீடுகளை வகுத்தது. காயத்தால் நேரும் இறப்பிற்கு அடிப்படைக் காரணமாகக் கொள்ளப்படுவது புறக்காரணமே. ஆனால் அப்புறக்காரணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் எங்கே வைக்கப்பட்டார் என்பது தனியே ஆராயத்தக்கது.

இக்கேள்வியின் பயனை உணர்த்துவது பிரித்தானிய நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸின் ஆய்வு. 1935 மே 13 அன்று டார்செட்டில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்த டி. இ. லாரன்ஸின் சிகிச்சைக்கு அழைக்கப்பட்டவர் அவர். 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் வெளியிட்ட கட்டுரை, போரின் முதல் 21 மாதங்களில் 2279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னிருக்கைப் பயணியரும் சாலை விபத்துகளில் இறந்ததைச் சுட்டியது. தலைக்கவசம் அணிந்து காயமுற்றோராக அவர் கண்டவர் எழுவர் மட்டுமே. அவர்களுள் எவரும் இறக்கவில்லை. எண்ணிக்கை சிறிதாயினும் வாதம் வலுவுடையது. மோட்டார் சைக்கிளில் சென்றோரைப் பிறரிடமிருந்து பிரித்து எண்ணாமல் அவ்வாதம் எழுந்திராது.

ஒன்பதாம் திருத்தத்தில் (1975) இப்பிரிவு இருந்தது. ஆனால் கடைசியில் இருந்தது. இ 812 என்னும் மூன்றிலக்கக் குறியீடு வேறொரு மோட்டார் வாகனத்துடன் நேர்ந்த மோதலைக் குறிக்கும். நான்காம் இலக்கம் 2 எனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், 3 எனில் பின்னிருக்கைப் பயணி. மூன்றிலக்கத்தோடு நிறுத்தப்பட்ட அட்டவணையில் கார் ஓட்டியவரும் இவர்களும் ஒன்றாகிவிடுவர். 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. பாதிக்கப்பட்டவர் எதில் சென்றார் என்பதே முதல் அளவுகோலாயிற்று: வி 20 முதல் வி 29 வரை மோட்டார் சைக்கிளில் சென்றோர், காருடன் மோதினால் வி 23, லாரி அல்லது பேருந்துடன் மோதினால் வி 24. ஸ்கூட்டரும் மொபெட்டும் இதனுள் அடங்கும்; ஆட்டோ ரிக்‌ஷாவில் சென்றோருக்கு வி 30 முதல் தனிப்பகுதி உண்டு. நான்காம் இடம் இப்போது ஓட்டுநரையும் பின்னிருக்கைப் பயணியையும், சாலை விபத்தையும் பிற விபத்தையும் வேறுபடுத்துகிறது. இச்சீர்திருத்தத்தால் மிகுந்த பயனடைந்தவை இருசக்கர வாகனங்கள் பெருகிய நாடுகளே எனலாம்.

எனினும் குறியீட்டாளர் மருத்துவர் எழுதாததைக் குறிக்க இயலாது. லாரன்ஸ் எதிர்ப்பட்ட சைக்கிளில் மோதினார் என்று எழுதப்பட்டால் வி 21. மோதாமல் ஒதுங்கித் தூக்கியெறியப்பட்டார் எனில் வி 28. ‘சாலை வாகன விபத்து’ என்று மட்டும் எழுதப்பட்டாலோ வி 89.2. அங்கு மோட்டார் சைக்கிள் என்ற செய்தியே மறைந்து, அவ்விறப்பு வகையறியா விபத்துகளோடு சேர்ந்துவிடும். தலைக்காயம் எஸ் 06 எனத் துல்லியமாகப் பதிவானாலும் இக்குறை நீங்காது.

பத்தாம் திருத்தத்தின் வி 20 – வி 29 பகுதியில் தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்பதற்கு இடமில்லை. கெய்ன்ஸ் கண்ட எழுவரை அக்குறியீடுகளைக் கொண்டு இன்று தேடினால், பிறரிடமிருந்து பிரித்தறிய முடியாது. நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் அது எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அவர்கள் கிடைப்பர்.