கழிபொருளில் பிறந்த குரல்: ஒலிபெருக்கியின் வரலாறு

ஒருவர் வாயிற் பிறக்கும் சொல் ஆயிரம் பேர் செவிக்கு எட்ட வேண்டும் என்பது மனித குலத்தின் பழைய ஆசைகளுள் ஒன்று. அரசர் காலத்தில் அதற்குப் பறையும் முரசும் இருந்தன. இக்காலத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோவில் தீமிதிப்பு, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகிய எதனையும் ஒலிபெருக்கி இல்லாமல் இன்று நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆயினும் அக்கருவி எவ்வாறு பிறந்தது, பிறர் கழித்த பொருள்களைக் கொண்டு அதனை ஆக்கிக் கொண்டவர்கள் யாவர் என்பதை நம் இளைஞருள் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்மூழ்கியிலிருந்து வந்த இசை

நமது நாட்டில் வானொலி பிறந்த கதையே கழிபொருளில் தொடங்குகிறது. 1921ஆம் ஆண்டு எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இலங்கைக்கு வந்தார். அவருடைய முயற்சியால் 1923ஆம் ஆண்டில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டன. அந்த ஒலிபரப்பிக் கருவி கடையில் வாங்கப்பட்டதன்று. கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உபகரணங்களைக் கழற்றி எடுத்து, திணைக்களப் பொறியியலாளர்களே அதனை அமைத்தனர். போர்ச் செய்தி அனுப்பிய கருவி பாட்டுப் பாடத் தொடங்கியது! 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அதுவே ‘இலங்கை வானொலி’ என்னும் பெயர் பெற்றது.

அந்நாளில் கேட்போர் நிலை என்ன? காதில் மாட்டும் கருவி கொண்டு ஒருவரே கேட்க இயலும். வீட்டார் யாவரும் கேட்க விரும்பினால், அதனை ஒரு பீங்கான் கிண்ணத்துள் வைப்பது பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. கிண்ணம் ஒலியைத் திரட்டிச் சுற்றியிருந்தோர்க்கு வழங்கிற்று. வீட்டில் செய்த முதல் ஒலிபெருக்கி அக்கிண்ணமே என்று கூறின் மிகையாகாது.

கூம்பிலிருந்து காகிதத்திற்கு

1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பீற்றர் ஜென்சன், எட்வின் பிரித்தம் என்னும் இருவர் தாம் ஆக்கிய ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். காந்தத்தின் இடையே கம்பிச்சுருளை வைத்து, அதனை ஒரு தகட்டுடன் இணைத்து, பெரிய கூம்பொன்றின் அடியில் பொருத்தியிருந்தனர். ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் ‘மக்னவொக்ஸ்’ என்னும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். 1919இல் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் சான் டியேகோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் பேசியபோது இக்கருவியே அவர் குரலைக் கொண்டு சென்றது.

கூம்பு உரத்துப் பேசும். ஆனால் இனிமையாகப் பேசாது. 1925இல் செஸ்ரர் றைஸ், எட்வர்ட் கெலொக் என்னும் பொறியியலாளர்கள் கூம்பை நீக்கி, காகிதக் கோன் ஒன்றையே நேராக அசையச் செய்து, இனிய ஒலியைப் பெற்றனர். இன்று நம் வீட்டு றேடியோவிலும் தொலைக்காட்சியிலும் உள்ள ஸ்பீக்கர் பெரும்பாலும் அவர்கள் வகுத்த அமைப்பின் வழிவந்ததே. ஒரு நூற்றாண்டு கடந்தும் அதன் உட்பொருள் மாறவில்லை: காந்தம், சுருள், கோன். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

பெட்டி ஏன் வேண்டும்?

கழற்றிய ஸ்பீக்கரை மேசைமேல் வெறுமனே வைத்து இயக்கினால் ஒலி மெலிந்து, தகரத்தைத் தட்டியது போலிருக்கும். பலர் அது பழுதென்று எண்ணி எறிந்து விடுவர். உண்மை அதுவன்று. கோன் முன்னே தள்ளும்போது முன்புறத்துக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறத்துக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். எனவே விநாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த சுரத்தின் அலை 3 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. ஒரு சாண் ஸ்பீக்கரை அது எளிதிற் சுற்றி வந்துவிடும். ஆதலால் முன்னொலியையும் பின்னொலியையும் பிரிக்க ஒரு பலகையோ பெட்டியோ இன்றியமையாதது.

இதனை எளிய மக்களுக்கு விளக்கி எழுதியவர் இங்கிலாந்தின் கில்பேர்ட் பிறிக்ஸ் என்பவர். 1932இல் தம் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கி, ‘வார்ப்டேல்’ நிறுவனத்தை உருவாக்கினார். பெட்டியின் பலகை தானும் அதிர்ந்து ஒலியைக் கெடுப்பதைக் கண்டு, இரு மெல்லிய பலகைகளின் நடுவே உலர்ந்த மணலை நிரப்பி அவ்வதிர்வை அடக்கினார். மணலுக்குப் பஞ்சமில்லாத கரையில் வாழும் நமக்கு இச்செய்தி உவப்பானதன்றோ! ஆயின் கடல்மணலில் உப்பும் ஈரமும் உண்டு. நன்கு கழுவி வெயிலில் உலர்த்திய பின்பே அதனைக் கையாள வேண்டும்.

இல்லாமை கற்பித்த பாடம்

1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மின்கலமும் கிடைத்தற்கரியதாயிற்று. அக்காலத்தில் மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவினால் றேடியோவை இயக்கிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற ஊரார் கூடிக் கேட்ட காலம் அது. கருவியின் உள்ளமைப்பை அறிந்த கைகளுக்கு இல்லாமை ஒரு தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் இளைஞர்க்குச் சில குறிப்புகளைக் கூறுவோம். கழித்த ஸ்பீக்கர் கிடைத்தால், 1.5 வோல்ற்று மின்கலத்தின் இரு முனைகளையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ‘டொக்’ என்று கோன் அசையுமாயின் சுருள் அறுபடவில்லை. இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை எழுந்தால் சுருள் இடம் பெயர்ந்துள்ளது. ‘8 ஓம்’ எனக் குறித்த ஸ்பீக்கர் அளவுமானியில் 6 அல்லது 7 காட்டுவது இயல்பே. பெட்டியைக் காற்றுப் புகாதவாறு ஒட்டி, உள்ளே சிறிது இலவம் பஞ்சை இடுங்கள். பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில், மின்னை நிறுத்திய பின்னும் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனை அறிந்தவர் துணையின்றித் திறவாதீர்கள்.

குரலின் பொறுப்பு

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதியை இக்கரையில் மறந்தவர் இல்லை. காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியது. கடல் இங்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் “ஓடுங்கள்” என்று சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பாண்டிருப்பும் தம் மக்களை இழந்தன. நாடெங்கும் மாண்டோர் 30,000க்கு மேற்பட்டோர்.

அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் அங்கே ஓர் அறிவு மையம் இயங்கியது. அதில் கடல்நிலை அறிவிப்பதற்கென ஓர் ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் அழைத்தார். ஊரார் உடனே அவ்வொலிபெருக்கி வழியே எச்சரிக்கை விடுத்தனர். 3,000க்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். காந்தமும் சுருளும் காகிதமும் சேர்ந்து ஓர் ஊரையே காத்தன!

ஆகவே ஒலிபெருக்கியின் பெருமை அதன் உரப்பில் இல்லை. சொல் தெளிவாகச் சென்று சேர்வதிலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டு நமது உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பொது விதி வகுத்ததும் அயலவரின் உறக்கத்தையும் நோயாளரின் அமைதியையும் கருதியே. கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் கலந்து வாழும் ஊர் நம்முடையது. இங்கே ஒலியை அளவோடு கையாள்வது சட்டத்துக்கு அஞ்சுவதன்று, அயலவரை மதிப்பதாகும்.

இளைஞர்களே! எறியப்பட்ட ஸ்பீக்கர் ஒன்றைக் கண்டால் கடந்து போகாதீர்கள். எடுத்துத் திறந்து பாருங்கள்; அதன் இயல்பை அறியுங்கள்; உங்கள் கையால் ஒரு பெட்டி செய்து அதற்குக் குரல் கொடுங்கள். செய்யத் தெரிந்தவன் திருத்தவும் தெரிந்தவன். ஆபத்து வரும் நாளில் ஊமையாய் நிற்கும் கருவியைப் பேச வைக்கவும் அவனே வல்லவன். அத்தகைய கைகள் நம் கிராமந்தோறும் பெருகுக!