சிங்கப்பூர்க் கோட்டையும் பத்தாண்டுக் கணக்கும்

ஒரு தேசம் எத்தனை போர்க்கப்பல், எத்தனை ஆகாய விமானம், எத்தனை ஆயிரம் சிப்பாய்கள் வைத்திருக்கவேண்டும் என்பதைச் சேனாதிபதிகளே தீர்மானிக்கின்றனர் என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. யாரோடு, எப்பொழுது, எவ்விடத்தில் போர் நேரும் என்று முதலில் ஓர் அனுமானம் செய்துகொள்ளப்படுகிறது; பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவர் அதற்குத் தலையசைக்கிறார்; கப்பலும் சிப்பாயும் அதன் பின்னரே எண்ணப்படுகின்றன. அனுமானம் பிழைபட்டுப் போனால், அதன்கீழ் எழுதிய கூட்டல் கழித்தல் எவ்வளவு சரியாயிருந்தும் பயனில்லை. வள்ளுவர் பொருட்பாலில் அரணைக் கூறி, உடனே படைமாட்சிக்குச் செல்லாமல், நடுவே பொருள் செயல்வகையை வைத்த முறை இங்கு நினைக்கத்தக்கது.

இதற்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்கவேண்டுவதில்லை. மலையாளிகளும் தமிழரும் தொழிலாளராய் உழைத்த செம்பவாங் கடற்படைத் தளமே போதும்.

முதல் மகாயுத்தம் முடிந்த மறு வருஷம், 1919 ஆகஸ்டில், பிரிட்டிஷ் மந்திரி சபை தன் படை இலாகாக்களுக்கு ஒரு விதி வகுத்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குச் சாம்ராஜ்யம் எந்தப் பெரும் யுத்தத்திலும் ஈடுபடாது என்று வைத்துக்கொண்டு செலவுத் திட்டம் தயாரிக்கவேண்டும் என்பதே அவ்விதி. 1919-20-ல் 76 கோடியே 60 லட்சம் பவுனாயிருந்த படைச்செலவு, 1921-22-ல் 18 கோடியே 90 லட்சமாகவும், 1932-ல் சுமார் 10 கோடியே 20 லட்சமாகவும் இறங்கிற்று. இன்றிருந்துகொண்டு அதனைப் பேதைமை என்று சொல்லிவிடுவது எளிது. லட்சக்கணக்கான பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, கடன்பட்டு நின்ற ஒரு ஜனசமூகம், இன்னும் பீரங்கிக்குத்தான் பணம் கொட்டவேண்டுமா என்று கேட்டது நியாயமே. தவறு நேர்ந்தது பின்னால். 1928-ல் நிதி மந்திரியாயிருந்த சர்ச்சில், அந்தப் பத்தாண்டு ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குவதாகக் கொள்ளவேண்டும் என்று செய்துவிட்டார். ‘நாளை வா’ என்று கதவில் எழுதிவைத்த கடன்காரனுடைய நாளை எப்படி வருவதேயில்லையோ, அப்படியே அந்தப் பத்தாண்டின் முடிவும் வருவதற்கில்லாமற் போயிற்று.

இவ்விதி நடப்பிலிருந்தபோதே 1921-ல் சிங்கப்பூரில் பெரிய தளம் ஒன்று அமைப்பதென்று முடிவு செய்தார்கள். ஜப்பானுடன் இருந்த நட்பு உடன்படிக்கை முடியும் தறுவாயில் இருந்தது. ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என இரண்டு கப்பற்படை வைக்கப் பணமில்லை. ஆகவே படை சீமையில் இருக்கும். துறைமுகம் இங்கே இருக்கும். ஆபத்து வந்தால் படை புறப்பட்டு வரும். குதிரை ஒன்று, லாயம் இரண்டு! வந்து சேரும்வரை கோட்டை எத்தனை நாள் தாங்கவேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கிருந்தது. முதலில் 42 நாள். 1937-ல் 70 நாள். 1939 செப்டம்பரில் 180 நாள். நாட்கணக்கு ஏறியதே, அப்படை வருமா என்ற ஐயமும் ஏறியதற்குச் சாட்சி. ஆனால் ‘வராது’ என்ற சொல்லை எழுதத்தான் ஒருவருக்கும் கை எழவில்லை. எழுதியிருந்தால் தளத்தின் நோக்கமே அற்றுப்போம்.

வேலையும் ஒழுங்காய் நடந்ததா என்றால் இல்லை. 1924-ல் தொழிற்கட்சி மந்திரி சபை நிறுத்திற்று. அவ்வாண்டின் இறுதியில் வந்த கன்சர்வேட்டிவ் மந்திரி சபை மீண்டும் தொடங்கிற்று. 1929-ல் மறுபடி வேகம் குறைந்தது. 1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்த பிறகே, 1932-ல் பத்தாண்டு விதி கைவிடப்பட்டது. 1938 பிப்ரவரியில் பெரிய உலர்துறை திறக்கப்பட்டது.

பணம் கொடுத்தவர் யார்? சீமை மட்டுமன்று. ஐக்கிய மலாய் சமஸ்தானங்கள் 20 லட்சம் பவுன் அளித்தன. ஜொகூர் சுல்தான் 1935-ல் 5 லட்சம் பவுன் அளித்தார். இது புதிய வழக்கமுமன்று. 1890-ல் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட் செலுத்தவேண்டிய இராணுவத் தொகையை ஏறக்குறைய இரு மடங்காக்கி, வருஷத்திற்கு ஒரு லட்சம் பவுன் என்று லண்டன் விதித்தது. கட்டமுடியாது என்று முறையிட்டுப் பார்த்து, 1895-ல் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தினர் சிலர் ராஜிநாமாச் செய்தனர். பின்னர் வந்த ஏற்பாடு என்ன? வருமானத்தில் நூற்றுக்கு 17½, அப்பால் 20. எதிரி எவ்வளவு பலமுள்ளவன் என்பதற்கும் இந்த விகிதத்திற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. எவ்வளவு கறக்கலாம் என்பதே அங்கு அளவுகோல். அவ்வருமானத்திலோ பல ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. கப்பற்கூலியும் ரிக்‌ஷாக்காரனும் புகைத்த புகை பீரங்கியாயிற்று என்க.

1937-ல் இங்கிருந்த தளபதி டாபி, எதிரி கடற்புறமாகவன்றி மலாயாவின் கிழக்குக் கரையில் இறங்கித் தரைவழியே வரக்கூடும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் இறங்கக்கூடும் என்று ஆராய்ந்து சொன்னார். அதன்பேரில் தரைப்புறக் காவலுக்கு ஒதுக்கிய தொகை 60,000 பவுன். அதிலும் செலவானது 23,000. தளத்துக்கான மொத்தச் செலவோ 6 கோடிப் பவுன் என்று சொல்லப்படுவது. விமானத்திலும் இதே கதை. 336 வேண்டுமென்று லண்டன் தலைமைத் தளபதிகள் 1940-ல் மதித்தனர். 582 வேண்டுமென்று இங்குள்ளோர் கேட்டனர். போர் வந்தபோது இருந்தவை 158. டாங்கி ஒன்றுமில்லை. பீரங்கிகள் கடலையே நோக்கியிருந்தன, திருப்ப முடியவில்லை என்று ஊரில் சொல்லும் பேச்சு முழு மெய்யன்று. பெரும்பாலானவற்றைத் திருப்பமுடிந்தது, ஆனால் அவற்றுக்கு வைத்திருந்த குண்டுகளிற் பெரும்பகுதி கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை, தரையில் வரும் ஆட்களுக்கு ஏற்றவையல்ல. குண்டு வாங்கும்போதும் பழைய அனுமானமே உடன் சென்று வாங்கியிருக்கிறது.

1941 டிசம்பர் 2-ல் வந்த பெருங்கப்பல்கள் இரண்டே. 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 10-ல் அவ்விரண்டும் குவாந்தானுக்கப்பால் விமானத் தாக்குதலில் மூழ்கின. மாண்டவர் 840 பேர். ஜனவரி முடிவில் தளத்தைக் காலி செய்தனர். மிதக்கும் கப்பல்துறையைத் தாமே கடலில் அமிழ்த்தினர். 1942 பிப்ரவரி 15-ல் சரணாகதி. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

கோட்டை விழுந்தபின் தோட்டங்களுக்கு லாரிகள் வந்தன. சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 75,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பால்மரம் சீவி இந்நாட்டு வருமானத்தைப் பெருக்கியவர்களும், அவ்வருமானத்தில் நாட்டுக்காவல் என்று எடுத்த பங்கை ஒருநாளும் கணக்குக் கேட்காதவர்களும் அவர்களே. அவருள் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை.