ஊசியும் மரத்துப்போன விரலும்



சாயர்புரம் பக்கம் ஜிம்முக்குப் போகும் பசங்க சிலர், "கை மரத்துப் போகுதுடா, வெயிட் ஜாஸ்தியாயிடுச்சு" என்பார்கள். வெயிட் மட்டும்தான் காரணமா? உடம்பு ஏற்ற ஊசி போடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கதை 1886-ல் தொடங்குகிறது.

அந்த வருடம் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி, கையும் காலும் முகமும் பெரிதாகிக்கொண்டே போகும் ஒரு நோய்க்கு 'அக்ரோமெகலி' என்று பெயர் வைத்தார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. இந்த நோயாளிகள் பலருக்கு விரல்கள் மரத்துப்போகும்.

ஏன் அப்படி? நம் மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஹார்மோன் கூடினால் உப்பும் நீரும் உடம்பிலேயே தேங்கும். உள்ளே வீங்கும்போது நசுங்குவது நரம்புதான்.

1958-ல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனால், வளர்ச்சி நின்ற ஒரு பையனை வளரவைத்ததாக அறிவித்தார். அப்போது அது கிடைப்பதற்கரிய மருந்து. 1985-ல், அதைப் போட்டுக்கொண்ட சிலர் கொடிய மூளை நோயால் இறந்தது தெரிந்து அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே வருடம் செயற்கை ஹார்மோன் வந்தது. தட்டுப்பாடு நீங்கியது, மருந்து ஜிம்முக்கும் போனது!

இதைப் பிடிக்கும் ரத்தப் பரிசோதனை ஒலிம்பிக்கில் முதலில் வந்தது 2004 ஏதென்ஸில். அதே போட்டியில் இந்திய பளுதூக்கும் வீராங்கனை சனமாச்சா சானு, உடம்பு நீரை வெளியேற்றும் ஃபியூரோசமைடு மருந்துக்காகத் தகுதி நீக்கப்பட்டார்.

"நான் ஊசி போடலை, பவுடர்தான்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 2000-01-ல் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்களைச் சோதித்தது. 94-ல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, ராத்திரியில் அதிகமானால் டாக்டரைப் பாருங்கள். போட்ட ஊசியை மறைக்காமல் சொல்லுங்கள். வீங்கியதெல்லாம் தசை இல்லை, பாதி தண்ணீராகவும் இருக்கலாம். அக்ரோமெகலிகாரருக்கு அது தானாக வந்த நோய். அதை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?