கான்ட்ராக்டர் பில்லில் பிடிக்கும் வரி: ஒரு குட்டி வரலாறு

காந்தலில் ஒரு தெருவுக்கு நகராட்சி சாக்கடை கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் முழு லட்சமும் கைக்கு வராது. தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி என்றால் 2 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். டி.டி.எஸ். என்கிறோமே, அதுதான்.

1961 வருமான வரிச் சட்டத்தில் சம்பளத்துக்குப் பிடித்தம் உண்டு, டிவிடெண்டுக்கும் உண்டு. கான்ட்ராக்டருக்கு மட்டும் இல்லை. 194சி என்ற பிரிவு 1972 ஏப்ரல் 1 முதல்தான் வந்தது. அரசு, உள்ளாட்சி, கம்பெனி போன்றவை 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். சப்-கான்ட்ராக்ட் என்றால் 1 சதவீதம். 1866-லேயே உருவான உதகை நகராட்சிக்கும் அன்றிலிருந்து இந்த வேலை சேர்ந்துகொண்டது.

சிக்கல் எங்கே? பில் தொகை வேறு, லாபம் வேறு. ஜல்லிக்கும் சிமென்ட்டுக்கும் ஆள் கூலிக்கும் போனது போக மிஞ்சுவதுதானே வருமானம்! இதே வாதத்தை அசோசியேட்டட் சிமென்ட் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. சிமென்ட் மூட்டைகளை ரயில் வேகனில் ஏற்றும் ஒப்பந்தம் அது. 1993-ல் தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. கொடுக்கும் தொகையின் மேல்தான் பிடித்தம், 'எந்த வேலையும்' என்றால் எந்த வேலையும்தான்.

வரி வாரியம் சும்மா இருக்குமா? இருபது வருடமாக வெளியே விட்டிருந்த லாரி வாடகை, வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் 1994 மார்ச்சில் ஒரே சுற்றறிக்கையில் உள்ளே இழுத்தது. தொழில்முறை ஃபீஸ் 'வேலை' ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. அரசு அசரவில்லை. 1995-ல் வக்கீல், டாக்டர், ஆடிட்டருக்கெல்லாம் 194ஜே என்று தனிப் பிரிவே போட்டுவிட்டது. லாரி, கேட்டரிங், விளம்பரம் 194சி-க்குள் வந்தன.

அமெரிக்காவில் பொதுவாக இப்படிப் பிடிப்பதில்லை. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று 1099 படிவத்தில் தகவல் சொன்னால் போதும். இங்கே தகவலும் சொல்ல வேண்டும், பணத்தையும் பிடிக்க வேண்டும்.

1 சதவீதம், 2 சதவீதம் என்ற இன்றைய கணக்கு 2009 அக்டோபரில் வந்தது. 2010 ஏப்ரல் முதல் பான் எண் தராவிட்டால் 20 சதவீதம். படிக்காத மேஸ்திரிகளை உண்மையில் அடித்தது இதுதான். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாவிட்டாலும் பிடித்தது பிடித்ததுதான், ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் 194சி, 194ஜே எல்லாவற்றையும் 393 என்ற ஒரே பிரிவின் அட்டவணைக்குள் அடக்குகிறது.