கண்டியில் ஒரு கிறிஸ்தவப் புனிதர்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வழியிலுள்ள நாலந்தாவிலே பழைய கற்கோயில் ஒன்று நிற்கின்றது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். அமைப்பிலே அது திராவிடப் பாணி. ஆயினும் பௌத்தர்களின் வழிபாட்டிடம் என்பர் ஆய்வாளர். அயல் மரபைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இயல்பு இம்மண்ணுக்குப் பழையது.

அதே மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அருகே, வகாகோட்டை என்னும் கத்தோலிக்க ஊர் உள்ளது. போர்த்துக்கேயர் வழிவந்தோர் அங்குக் குடியேறினர் என்பது மரபு. பௌத்த மன்னர் ஆண்ட மலைநாட்டில் அச்சமயம் எவ்வாறு நிலைத்தது? அதற்கு விடை, ஒரு துறவியின் வாழ்விலே இருக்கின்றது.

யோசப் வாஸ் 1651-ஆம் ஆண்டு கோவாவில் பிறந்தவர். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். அதனால் குருவின்றித் தவித்த மக்களை நாடி, 1687-இல் அவர் ஏழைக் கூலியாளாக வேடம் பூண்டு இலங்கைக்கு வந்தார், தமிழ் கற்றார், இரவிலே மறைவாகத் தொண்டாற்றினார்.

1692-இல் கண்டி இராச்சியத்துட் புகுந்தபோது, போர்த்துக்கேய வேவுகாரர் என்னும் ஐயத்தால் சிறைப்பட்டார். ஆயினும் அவருடைய எளிமையைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரியன், நாளடைவில் தடையின்றி நடமாட அனுமதித்தான். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். வாஸ் அடிகளோ சமய பேதம் பாராது அவர்களுக்கு உணவூட்டினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார். அரசவையில் அவருக்கிருந்த பகையைத் தணித்தது வாதமன்று, இத்தொண்டே.

இதற்கு ஒப்பானது பிரித்தானியத் தீவுகளின் பழைய வரலாற்றிலும் உண்டு. 635-ஆம் ஆண்டளவில் அயோனாத் தீவிலிருந்து வந்த ஏய்டன் துறவிக்கு மக்களின் மொழி நன்கு வாராதபோது, ஒஸ்வால்ட் மன்னனே மொழிபெயர்த்தான் என்று பீட் எழுதினார். ஆனால் ஒஸ்வால்ட் ஏற்கெனவே கிறிஸ்தவன். கண்டியரசனோ பௌத்தன், இறுதிவரை பௌத்தனாகவே இருந்தும், தன் சமயத்தைச் சாராத துறவிக்குப் புகலளித்தான். கடற்கரையில் ஒரு கிறிஸ்தவ அரசு துரத்தியவரை மலைநாட்டில் ஒரு பௌத்த அரசு காத்தது.

வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16-இல் கண்டியில் மறைந்தார். 2015 ஜனவரி 14-இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார். அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது, அவரைச் சிறையிலிட்டுப் பின் விடுவித்த மன்னனையும் சேர்த்துச் சொல்வதே முறை.